ஆமணக்கெண்ணெயும் டிஸ்க் பிறேக்கும்

வரலாறு கற்பிக்கும் ஒருவன் மோட்டார் வண்டியின் பிறேக்கைப் பற்றிப் பேச வந்ததேன் என்று நீங்கள் வினவலாம். காரணம் ஒரு கருகல் மணம். சில ஆண்டுகளுக்கு முன்னர், மனைவியையும் வயது முதிர்ந்த என் தாயாரையும் ஏற்றிக்கொண்டு, எல்ல வழியாக வெல்லவாயாவை நோக்கி மலையிறங்கிக் கொண்டிருந்தேன். இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் முன்சில்லு ஒன்றிலிருந்து புகை எழுந்தது. பிறேக்கை நான் மிதியாத வேளையிலும் அது சில்லைப் பற்றிய பிடியை விடாதிருந்தது. சூடேறிய பிறேக், வேண்டிய இடத்திற் பிடியாமலும் போகக்கூடும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். அந்த வளைவுகளை எப்படிக் கடந்தேன் என்பது இன்றும் எனக்கு வியப்பே.

வெல்லவாயாவில் ஓர் இளைஞர் சில்லைக் கழற்றி, இரண்டு சிறிய உருக்கு முளைகளைப் பெரும்பாடுபட்டு உருவிக் காட்டினார். அவற்றைச் சுற்றியிருந்த இறப்பர் உறைகள் நீரில் ஊறிய கடலைபோற் பருத்திருந்தன. "ஐயா, இதற்கு எந்தக் கிறீஸைப் பூசினீர்கள்?" என்று கேட்டார். சில்லின் பெயாரிங்குக்கென வாங்கியதில் மிஞ்சியதை, வீணாக்குவானேன் என்று, சில மாதங்களுக்கு முன்னர் நானே பூசியிருந்தேன். கிறீஸ் என்றால் எல்லாம் கிறீஸ்தானே என்பது என் எண்ணம்.

டிஸ்க் பிறேக்கின் அமைப்பைச் சற்றே நோக்குவோம். சில்லோடு கூடச் சுழலும் ஓர் இரும்புத் தட்டு. அதனை இருமருங்கும் அழுத்தும் இரண்டு பட்டைகள். அவற்றைத் தாங்கும் கலிப்பர் என்னும் கவ்வி. மிதிகட்டையை அழுத்தியதும் திரவத்தின் அமுக்கம் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஒரு பட்டையைத் தட்டின்மேல் அழுத்த, கவ்வி தன் முளைகளின்மேல் வழுக்கி மறுபட்டையையும் இழுத்து வரும். காலை எடுத்தவுடன் பிஸ்டனைப் பின்வாங்கச் செய்வது எது? பிஸ்டனைச் சுற்றியுள்ள இறப்பர் வளையமே. முன்னர் நெளிந்த அவ்வளையம் நிமிரும்போது பிஸ்டனை மயிரிழையளவு பின்னிழுக்கிறது. ஆகவே பட்டையில் உராய்வு வேண்டும்; அதற்கு இரண்டங்குலம் அப்பால் முளையில் உராய்வு கூடாது. இரண்டும் ஒரே வெப்பத்திற்குப் பக்கத்தில் வாழ வேண்டும்.

உராய்வைக் குறைக்கும் கலை மிகப் பழையது. எகிப்தில், கிறித்துவுக்கு ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த செகுத்திகோதெப் என்பானின் கல்லறை ஓவியத்தில், பெருஞ்சிலையை ஏற்றிய சறுக்குக் கட்டையின் முன்னே ஒருவன் திரவம் ஊற்றி நிற்கக் காண்கிறோம். நம் முன்னோர் வைக்கோற் கரியை ஆமணக்கெண்ணெயிற் குழைத்து மாட்டுவண்டியின் அச்சுக்கு மையிட்டனர். அங்கெல்லாம் மரத்தையும் இரும்பையும் மட்டும் எண்ணிப் பார்த்தாற் போதும். இறப்பர் என்னும் மூன்றாமவர் அரங்கிற்கு இன்னும் வரவில்லை.

பிரித்தானியரான பிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிறேக்குக்குக் காப்புரிமை பெற்றார். உலோகத்தோடு உலோகம் உராய்ந்து எழுந்த கீச்சொலியாலும் விரைந்த தேய்மானத்தாலும் அது அக்காலத்திற் பரவவில்லை. அதன்பின் அரை நூற்றாண்டு வண்டிகளை ஆண்டது டிரம் பிறேக்கே.

பிறேக் பிடித்துக்கொள்வதன் கதை உண்மையில் தொடங்குவது திரவம் வந்தபோதுதான். அமெரிக்கரான மல்கம் லொக்கீட், கம்பியாலும் கோலாலும் இயங்கிய பிறேக்கைத் திரவத்தின் அமுக்கத்தால் இயக்க வழிகண்டார். 1921இல் டியூசன்பர்க் கார் நான்கு சில்லுகளிலும் அத்தகைய பிறேக்கோடு வெளிவந்தது. தோல் அடைப்புகளுக்குப் பதிலாக இறப்பர் அடைப்புகளைப் பயன்படுத்தி அதனைச் செம்மையாக்கியோர் கிறைஸ்லர் நிறுவனத்தின் பொறியியலாளர். அவர்களுடைய கார் 1924இல் வந்தது. அக்காலத்துப் பிறேக் திரவம் யாது? ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் சேர்ந்த கலவை!

மலிவான பெற்றோலிய எண்ணெய் ஆறாய் ஓடிய அமெரிக்காவில் ஆமணக்கை ஏன் நாடினர்? விடை இறப்பரின் இயல்பில் உண்டு. இறப்பர், காபனும் ஐதரசனும் மட்டுமே கூடிய சேர்வை. கனிய எண்ணெயும் பெரும்பாலும் அத்தகையதே. இனத்தை இனம் சேர, எண்ணெய் இறப்பரின் உள்ளே புகுந்து அதனைப் பருக்கச் செய்யும். ஆமணக்கெண்ணெயின் மூலக்கூற்றிலோ ஒட்சிசனும் ஐதரசனும் இணைந்த கூட்டங்கள் உள்ளன. அதனால் அது இறப்பருக்கு அந்நியம். வெளியே நின்று வழுக்கலை மட்டும் தரும். அந்த இறப்பர் நமக்குப் புதிதன்று. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொணர்ந்த விதைகள் கியூ பூங்காவில் முளைத்து, 1876இல் நாற்றுகளாய் நம் எனரத்கொடைத் தோட்டத்தை அடைந்த கதையைப் பள்ளியிற் படித்திருப்பீர்கள்.

டிஸ்க் பிறேக் மீண்டும் தலையெடுத்தது பந்தயத்தில். 1953இல் பிரான்சின் லு மான் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் டன்லொப் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜகுவார் கார் வென்றது. ரோல்ட், ஹமில்டன் இருவரும் மாறி மாறிச் செலுத்தினர். ஏனையோர் தொலைவிலேயே வேகத்தைத் தணிக்க, அவர்கள் வளைவை நெருங்கிய பின்னரே பிறேக்கை மிதித்தனர். 1955இல் சிற்றொன் நிறுவனத்தின் டீ.எஸ். கார் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக்கைத் தந்து, அதனைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது.

நான் சொல்ல வந்ததற்கு அந்தக் காரே தக்க சான்று. தொடக்கத்தில் அதன் பிறேக்கும் தாங்கு அமைப்பும் தாவர எண்ணெய் சார்ந்த திரவத்தால் இயங்கின. பின்னர்ச் சிவப்பு நிறச் செயற்கைத் திரவம் வந்தது. 1966இல் நிறுவனம் பச்சை நிறக் கனிய எண்ணெய்க்கு மாறியது. எண்ணெயை மட்டும் மாற்றினாற் போதுமா? போதாது. இறப்பர் அடைப்புகள் அனைத்தையும் வேறொரு வகை இறப்பரால் ஆக்க வேண்டியதாயிற்று. பச்சைக்குரிய பாகங்களுக்குப் பச்சை அடையாளமும் இட்டனர். ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஊற்றியவரின் கார் பழுதடைந்தது. எண்ணெயைத் தெரிவு செய்வது இரும்பல்ல, இறப்பரே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

எனது காரின் கவ்வியில் இருந்தது 1960களிற் சந்தைக்கு வந்த எதிலீன் புரொப்பிலீன் வகைச் செயற்கை இறப்பர். பிறேக் திரவத்தையும் வெப்பத்தையும் நன்கு தாங்கும் அது, கனிய எண்ணெய் பட்டாற் பருத்துவிடும். இத்தகைய முளைகளுக்கு ஏற்றவை சிலிக்கோன் கிறீஸ், கிளைக்கோல் கிறீஸ், ஆமணக்கெண்ணெய் சார்ந்த சிவப்பு இறப்பர் கிறீஸ் ஆகியவையே. சிலிக்கோன் சேர்வைகளை நொட்டிங்காமில் ஆராய்ந்த பேராசிரியர் கிப்பிங், அவற்றாற் பயன் விளையும் என்று பெரிதாக எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்கு அவை தேவைப்பட்டபோதே தொழிற்சாலை எழுந்தது. பட்டையின் முதுகில் வெப்பம் கடுமையாதலால் அங்கே செம்புத்தூள் கலந்த பசையையோ, பிற்காலத்து மட்பாண்டத்தூள் கலந்த பசையையோ மெல்லிதாகப் பூசுவர். அதில் எண்ணெய் வற்றினாலும் தூள் நிற்கும். அதனை இறப்பரின் அருகே கொண்டு செல்லலாகாது. பிஸ்டன் வளையத்திற்குப் புதிய பிறேக் திரவமே போதும். பட்டையின் முகத்திலும் தட்டிலும் ஒரு துளியும் படலாகாது. முளைத் துளையில் அள்ளி அடைத்தாலும் கேடே. அகப்பட்ட காற்று முளையை முழுதும் உட்செல்ல விடாது.

அந்த இளைஞர் புதிய உறைகளைப் போட்டு, விரல் நுனியளவு சிவப்புக் கிறீஸைப் பூசி, முளையை உள்ளே செலுத்தினார். அது சத்தமின்றிச் சென்றது. அது எதனால் ஆனது என்று தாயார் கேட்டார். ஆமணக்கெண்ணெய் என்றேன். "சின்ன வயதில் மாதம் ஒருமுறை பேதிக்குத் தர வந்தால் கிணற்றடியில் ஓடி ஒளிவாயே, அதுவா?" என்றார்.