சோழர் காலக் கலைக்கல்வியும் நிவந்தங்களும்

கல்விக்குச் சோழ மன்னர் அளித்த கொடைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எண்ணாயிரம், திருமுக்கூடல் முதலிய ஊர்க்கல்வெட்டுக்களையே எடுத்துக்காட்டுவர். அவை வேதமும் இலக்கணமும் பயின்ற மாணவர்க்கு உரியவை. ஆடலும் பாடலும் எவ்வாறு பயிற்றப்பட்டன, அப்பயிற்சியின் செலவை யார் தாங்கினர் என்னும் வினா அத்துணை ஆராயப்பெறவில்லை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களை எண்ணாயிரக் கல்வெட்டோடு ஒப்பிட்டு அவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாம் இராசராசன் (கி.பி. 985–1014) தன் ஆட்சியின் 29ஆம் ஆண்டு வரை செய்த ஏற்பாடுகளைக் கூறும் நீண்ட கல்வெட்டொன்று, பெரிய கோயிலைச் சூழ்ந்த தளிச்சேரிகளிற் குடியேற்றப்பட்ட 400 பெண்டிரை ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பனவும் அதிற் குறிக்கப்பெற்றுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் உண்டு. பங்கு ஒன்றாவது, ஆண்டிற்கு ஆடவல்லான் என்னும் மரக்காலால் 100 கலம் நெல் தரும் ஒரு வேலி நிலம். நட்டுவம் செய்வோர்க்கு இரண்டு பங்கு. பாடுவோர், வீணை வாசிப்போர், வங்கியம் ஊதுவோர், உடுக்கை முதலிய கருவி இயக்குவோர் ஆகியோர்க்கும் பங்குகள் வரையறுக்கப்பட்டன. தளிச்சேரிப் பெண்டிர்க்கு மட்டுமே ஆண்டொன்றிற்கு 40,000 கலம் நெல் ஒதுக்கப்பட்டதென்பது கணக்கிற் புலனாகும்.

இதனோடு ஒருங்குவைத்து நோக்கத்தக்கது, திருப்பதியம் விண்ணப்பம் செய்வோர்க்கு அமைந்த நிவந்தமாகும். பிடாரர் 48 பேர், உடுக்கை வாசிப்பார் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவர், ஆக 50 பேர்க்கும் நாள் ஒன்றிற்குத் தலைக்கு முக்குறுணி நெல் உள்ளூர்ப் பண்டாரத்திலிருந்து வழங்கப்பட்டது. ஒரு கலம் பன்னிரு குறுணியாதலின், ஆண்டை 360 நாளாகக் கொண்டால் இஃது ஒருவருக்கு 90 கலமாகும். தளிச்சேரிப் பங்கிற்கு இஃது ஏறத்தாழ ஒப்பாதல் கருதத்தக்கது.

இனி எண்ணாயிரத்தை நோக்குவோம். முதலாம் இராசேந்திரன் காலத்ததாகிய அக்கல்வெட்டு, கீழ்நிலை மாணவர் 270 பேர்க்கும் மேல்நிலை மாணவர் 70 பேர்க்கும் நாள்தோறும் நெல் அளக்க வகை செய்கின்றது. முன்னவர்க்கு ஆறு நாழி. பின்னவர்க்குக் குறுணி இருநாழி. எண்ணாழி ஒரு குறுணியாதலின், கீழ்நிலை மாணவன் ஒருவனுக்கு ஆண்டிற்கு இருபத்திரண்டரைக் கலம் கிடைத்தது. மேல்நிலை மாணவனுக்கு அது முப்பத்தேழரைக் கலம் ஆயிற்று. ஆசிரியர்க்கு நெல் தனியே வரையறுக்கப்பட்டது.

இவ்விரு ஏற்பாடுகட்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டுமன்று, நோக்கிலும் உண்டு. எண்ணாயிரத்தில் நெல் பெற்றவன் கற்கின்றவன். கற்றல் முடியுமுன்னரே அவனுக்குப் பொருள் சேர்ந்தது. தஞ்சையிற் பங்கு பெற்றவரோ கற்று வல்லவராய்ப் பணி செய்கின்றவர். தஞ்சைக் கல்வெட்டில் ஆடல் பயிலும் சிறுமியர்க்கென்றோ இசை பயிலும் சிறுவர்க்கென்றோ தனிப்பங்கு காணப்படவில்லை. நட்டுவர்க்கு அளிக்கப்பட்ட இரு பங்கு, பயிற்றுதற்கும் சேர்த்து அளிக்கப்பட்டதாகலாம் எனக் கருத இடமுண்டு. ஆயினும் கல்வெட்டு நட்டுவம் செய்தலையே கூறுகின்றது, பயிற்றுதலைக் கூறவில்லை.

அங்ஙனமாயின் பயிற்சி எங்கு நிகழ்ந்தது? இதற்கு விடை அக்கல்வெட்டிலேயே உளது. 400 பெண்டிரும் தஞ்சையிற் பயிற்றப்பட்டவர் அல்லர். ஆரூர், ஐயாறு, பழையாறு, நாகபட்டினத்துத் திருக்காரோணம் முதலிய ஊர்க்கோயில்களினின்றும் கொணரப்பட்டவர். ஒவ்வொருவர் பெயரோடும் அவர் வந்த ஊரும் தளியும் பொறிக்கப்பட்டிருத்தல் இதற்குச் சான்று. ஆதலின், தலைநகர்ப் பெருங்கோயில் பெற்ற கலைவளம், சிற்றூர்க் கோயில்களும் அவற்றைச் சார்ந்த குடும்பங்களும் பல்லாண்டு தம் செலவில் வளர்த்த வளம் என்பது பெறப்படும். விதைத்தவர் ஒருவர், அறுவடை செய்தவர் மற்றொருவர்.

பயிற்சிக்கு நேரே பொருள் அளியாவிடினும், பயிற்சியைக் கட்டாயமாக்கும் விதியொன்றை இராசராசன் வகுத்தான். பங்கு பெற்றார் இறப்பினும் வேற்றிடம் செல்லினும் அடுத்த முறையினர் அக்காணியைப் பெற்றுப் பணி செய்தல் வேண்டும். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடையார் ஒருவரை அமர்த்திப் பணி செய்வித்தல் வேண்டும். அத்தகைய முறையினரே இல்லையாயின், அத்தொழிற் குழுவினரே தக்காரைத் தேர்ந்து அமர்த்துதல் வேண்டும். இவ்விதியிற் பிறப்புரிமை பேணப்பட்டது; ஆயினும் தகுதியின்றிப் பணி செய்யும் உரிமை எவர்க்கும் இல்லை. தகுதியை அளப்போர் அரசியல் அதிகாரிகள் அல்லர், கலை வல்லாரே என்பதும் நோக்கற்பாலது. காணியை நன்முறையிற் காத்துக்கொள்ள விரும்பிய குடும்பம் தன் இளையோரைப் பயிற்றியே தீரவேண்டும். இங்ஙனம் நிலம் மறைமுகமாகப் பள்ளிச்சம்பளம் ஆயிற்று.

இம்முறையின் வலிமையும் குறையும் ஒன்றே: கல்வி காணியோடு கட்டுண்டிருந்தது. நிலமும் பணியும் நிலைத்த வரை கல்வி நிலைத்தது. அவை பிரிந்தபோது கல்விக்கு வேறு ஊன்றுகோல் இல்லாதொழிந்தது. 1929ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத் திருத்தம் தேவதாசியரின் மானிய நிலங்களைக் கோயிற் பணிக்கடமையினின்று விடுவித்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தையே ஒழித்தது. பெண்டிரின் மானமும் உரிமையும் கருதிச் செய்த இச்சீர்திருத்தங்கள் செய்யத்தக்கனவே என்பதில் ஐயமில்லை. ஆயின் அந்நிலங்கள் மறைமுகமாகத் தாங்கிய பயிற்சிக்கு ஈடாக அவ்வவ்வூரிலேயே புதிய பொருளுதவி அமைக்கப்பட்டதா என்பது தனி வினா. சிதம்பரத்தில் 1929இலும், சென்னையில் 1936இலும் 1949இலும் முறையே இசைக்கல்லூரியும் கலாக்ஷேத்திரமும் கருநாடக இசைக்கல்லூரியும் தோன்றின. அவற்றின் பணி பெரிது. எனினும் அவை மாணவரைத் தம்பால் வரவழைத்த நிறுவனங்கள். ஆரூரிலும் ஐயாற்றிலும் தெருத்தோறும் நிகழ்ந்த பயிற்சிக்கு அவை நேரான மாற்று ஆகா.

இதனால் அறியத்தக்கன இரண்டு. கலைஞரைப் போற்றும் கொடையும் கலைக்கல்வியைப் போற்றும் கொடையும் வேறு வேறு. முன்னதன் பெருமையைப் பின்னதற்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. எண்ணாயிரத்து மாணவனுக்கு அளந்த ஆறு நாழி நெல்லைப் போன்றதொன்று ஆடலும் பாடலும் பயின்ற சிறாருக்கும் அளக்கப்பட்டிருப்பின், அக்கலைகள் ஒரு சில குடும்பங்களின் காணியாய் ஒடுங்காது ஊரார் கல்வியாய் விரிந்திருக்கக்கூடும். இன்று பள்ளிகளிற் கலைக்கல்விக்குப் பொருளுதவி வகுப்போரும், அப்பொருள் மேடையேறுவோனைச் சேர்கின்றதா, பயில்வோனைச் சேர்கின்றதா, தலைநகரில் தங்குகின்றதா, சிற்றூரைச் சென்றடைகின்றதா என்று வினவுதல் நன்று. சாக்கைக்காணி, நிருத்தபோகம் முதலிய பெயர்களால் ஊர்க்கோயில்களில் அமைந்த கொடைகளை ஊர்வாரியாகத் தொகுத்து ஆராயின், தஞ்சைக்கு முன்னரே விதை விதைத்த அவ்வூர்களின் பங்கு இன்னும் தெளிவுறும்.