முகட்டுச் சாலையும் மூன்றாவது தரப்பும்

அப்பலாச்சியன் நெடும்பாதை ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் ஆரம்பித்து மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரத்தில் முடிகிறது. ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். முழுக்க நடக்க ஆறு மாதமாவது வேண்டும். என்னிடம் இருப்பதோ பத்து நாள் லீவு. வர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவுக்குள் போகும் 160 சொச்சம் கிலோமீட்டரை மட்டும் நடப்பதாகத் திட்டம்.

"மலைக்குப் போறேன்னுட்டு ரோட்டோரமா நடக்கப் போறியாடா?" என்றான் நண்பன். நியாயமான கேள்விதான். ஸ்கைலைன் டிரைவ் என்ற கார்ச்சாலை அங்கே மலைமுகட்டிலேயே ஓடுகிறது. பாதை அதைத் திரும்பத் திரும்பக் கடந்து போகிறது. நான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே ரோட்டுக்காகத்தான்.

பாதைக்கு யோசனை சொன்னவர் பென்டன் மெக்கை. 1921 ஏப்ரலில் அவர் மனைவி ஜெசி தற்கொலை செய்துகொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் கட்டடக்கலை இதழ் ஒன்றில் மெக்கையின் கட்டுரை வந்தது. அவர் கேட்டது வெறும் நடைபாதை அல்ல. ஆலையிலும் ஆபீஸிலும் களைத்தவர்கள் வந்து தங்க முகாம்கள், கூட்டாக நடத்தும் பண்ணைகள் எல்லாம் அதில் இருந்தன. கொஞ்சம் சோஷலிசக் கனவு என்றே சொல்லலாம்.

பாதையைப் போட்டுமுடித்தவர் வேறொருவர்: கடல்சார் சட்ட வக்கீல் மைரன் ஏவரி. அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே மலைமலையாக நடந்தவர். மனிதர் முசுடு, ஆனால் அவர் இல்லாவிட்டால் 1937இல் பாதை முழுமை அடைந்திருக்காது. 1930களில் அரசு முகட்டில் ரோடு போட்டபோது பழைய தடம் பல இடங்களில் அதனடியில் போயிற்று. மெக்கை எதிர்த்தார். அரசே ஆள்வைத்துப் பாதையை மாற்றிக் கொடுக்கும்போது சண்டை எதற்கு என்பது ஏவரியின் கட்சி. 1935இல் கடிதத்திலேயே முட்டிக்கொண்டு உறவு முறிந்தது.

காட்டின் அமைதி யாருக்கு என்ற இந்தத் தகராறில் மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. அங்கே தலைமுறைகளாக உழுது, ஆப்பிள் வளர்த்து வாழ்ந்த குடும்பங்கள். வர்ஜீனியா அரசு 1928இல் சட்டம் போட்டு அவர்கள் நிலத்தை எடுத்தது. வயதானவர்கள் சிலரைத் தவிர எல்லோரும் இறங்க வேண்டியதாயிற்று. 1936 ஜூலையில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பூங்காவைத் திறந்துவைத்தார். அதற்குள்ளேயே லூயிஸ் மலையில் கறுப்பர்களுக்கென்று தனி முகாம். பூங்காவில் அந்தப் பிரிவினை முற்றிலும் ஒழிய 1950 ஆயிற்று.

ஆகவே என் திட்டத்தில் லூயிஸ் மலையில் ஓர் இரவு. அனுமதிச்சீட்டு, மழைக்கோட்டு, சாப்பாட்டைக் கரடிக்கு எட்டாமல் கட்டித்தொங்கவிடக் கயிறு... இதெல்லாம் வழக்கமான பட்டியல். நிக்கல்சன் பள்ளத்தில் மட்டும் பாதையை விட்டுக் கீழே இறங்க வேண்டும். ஜார்ஜ் கார்பின் என்ற மலைவாசி கட்டிய மரவீடு அங்கே இருக்கிறது. அவர் 1938இல் அதைவிட்டு வெளியேற்றப்பட்டார். பின்னால் அதைப் பராமரித்து, நடக்க வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டது வாஷிங்டன் பக்கத்து நடைச்சங்கம் ஒன்று. 1927இல் அது ஆரம்பித்தபோது முதல் தலைவர் ஏவரி. கீழே போய்த் திரும்பி ஏற அரைநாள் ஆகும் போலிருக்கிறது. அன்றைய தூரத்தைப் பாதியாகக் குறைத்து எழுதியிருக்கிறேன்.