எரிப்பதற்கும் ஒரு பருவம்: கல்வராயன் மலைக் காட்டுத்தீயும் முழுத் தடையும்

கல்வராயன் மலையின் காட்டுத்தீயைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: யார் நெருப்பு வைத்தார்கள்? இக்கட்டுரை முன்வைக்கும் கேள்வி வேறு: எப்போது வைத்தார்கள்? தை மாதத்துப் பனி ஈரம் காயாத காலையில் மூட்டிய நெருப்பும் பங்குனி நடுப்பகலில் மூட்டிய நெருப்பும் சட்டத்துக்கு ஒன்றுதான். மலைச்சரிவில் அவை ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாத முழுத்தடை எரிப்பை நிறுத்திவிடுவதில்லை. ஆபத்து குறைந்த வேளையிலிருந்து மிகுந்த வேளைக்கு அதைத் தள்ளிவிடுகிறது என்பதே என் வாதம்.

இந்த மலையின் காடு உலரும் விதத்திலிருந்து தொடங்கலாம். கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த கல்வராயன், வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்று இரு பகுதிகளாக விரிகிறது. சேலம் மாவட்டத்துக்குள்ளும் நீளும் இம்மலையின் பெரும்பகுதி, 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், வெள்ளிமலையை மையமாகக் கொண்டு அமைந்துள்ளது. அடிவாரத்தில் முட்புதர்க்காடு, மேலே இலையுதிர்காடு, ஓடைக் கரைகளில் பசுமை மாறாத மரத்தொகுதிகள். வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்கிறது. முதலில் காய்வது புல். மரங்கள் இலை கொட்டுவது அதற்குப் பின், தையில் தொடங்கிப் பங்குனி வரை. ஆக, எரிபொருள் இரண்டு தவணைகளில் தரைக்கு வருகிறது. தையில் வெட்டிச் செதுக்கிய தீத்தடுப்புக் கோட்டில் மாசி முடிவதற்குள் சருகு மூடிவிடுகிறது. கோடு வெட்டிய செலவு கணக்கில் ஏறியிருக்கும். மலையில் அந்தக் கோடு இருக்காது. மறுமுறை கூட்டிப் பெருக்காத தீக்கோடு தீயைத் தடுக்காது என்பதைத் தீக்காவலர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஒரே தவணைக்கு மட்டும் பணம் ஒதுக்கும் திட்டத்தில் இதற்கு இடமில்லை.

தீயின் வலிமையை அளக்க 1959-இல் தீ ஆய்வாளர் பைரம் வகுத்த வாய்பாடு ஒன்று உண்டு. எரிபொருளின் வெப்பம், சதுர மீட்டருக்கு எரியும் எடை, தீ முன்னேறும் வேகம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் தீமுகப்பின் ஒவ்வொரு மீட்டர் அகலத்திலும் நொடிக்கு வெளிப்படும் ஆற்றல் கிடைக்கும். ஒரு கிலோ காய்ந்த சருகு ஏறத்தாழ 18,000 கிலோஜூல் தரும். சதுர மீட்டருக்கு அரைக்கிலோ சருகு கிடக்கும் சமதரையில், நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் நகரும் தீ மீட்டருக்கு 90 கிலோவாட் வெளியிடும். பச்சைத் தழைக்கொத்தால் அடித்தே அதை அணைத்துவிடலாம். ஆஸ்திரேலியரான மெக்ஆர்தர் தந்த தோராய விதிப்படி, சரிவு பத்துப் பாகை கூடும்போதெல்லாம் மேலேறும் தீயின் வேகம் இரட்டிக்கும். எனவே இருபது பாகைச் சரிவில் அதே சருகு, அதே ஈரம், அதே காற்று இருந்தாலும் 90 என்பது 360 ஆகிவிடும். கைக்கருவிகளோடு தீமுகப்பை நேரடியாக எதிர்க்க இயலும் எல்லையாகத் தீயணைப்பு நூல்கள் கொள்வது மீட்டருக்கு ஏறத்தாழ 350 கிலோவாட். உச்சி வெயிலும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும் பிற்பகல் காற்றும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. அவையும் சேர்ந்தால் மண்வெட்டியோடு நிற்பவர் செய்யக்கூடியது ஓடுவது மட்டுமே.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பாதுகாப்பான எரிப்பின் இலக்கணம் கிடைக்கும். காலையில், காற்று திரும்புமுன், மேட்டிலிருந்து கீழ்நோக்கி இறங்கும்படி பற்றவைக்க வேண்டும். இறங்கும் தீ மெல்ல நகரும். கருகிய தரை அதன் முதுகுப் பக்கம் அரணாக நிற்கும்.

2018 மார்ச் 11, மாசிக் கடைசி. தேனி மாவட்டம் குரங்கணிக்கு மேலே மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காய்ந்த புற்சரிவில் தீ மறித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சரிவு, உலர்புல், மேலேறும் காற்று ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடிய நாள் அது. அதற்கு அரசு தந்த நிலையான மறுமொழி, அதே ஆண்டில் வந்த தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள். மலையேறுவோருக்கு அனுமதி, கட்டணம், வழிகாட்டி எல்லாம் வரையறுக்கப்பட்டன. தேவையான விதிகள்தாம். ஆனால் அவை ஒழுங்குபடுத்தியது தீயில் அகப்பட்டவர்களை, தீயை அல்ல. காட்டோர நிலங்களில் எரிப்பது எந்த மாதம், எந்த வேளை, யார் முன்னிலையில் என்பது அப்படியே விடப்பட்டது.

இந்த மௌனத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அன்றைய இந்திய வனத்துறைத் தலைவர் டீட்ரிக் பிராண்டிஸின் வருகையை ஒட்டி உருவான 1882-ஆம் ஆண்டு மதராஸ் வனச்சட்டம் இன்றும் தமிழ்நாடு வனச்சட்டமாக நடப்பில் இருக்கிறது. காப்புக்காட்டுக்குத் தீ வைப்பதையும், காட்டுக்கு ஊறு நேரும்படி அருகில் நெருப்பு மூட்டுவதையும் அதன் 21-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. மரத்தை வருவாயாகக் கண்ட துறைக்கு நெருப்பு என்றாலே இழப்பு. ஆனால் அந்தத் துறைக்குள்ளேயே மாற்றுக்குரல் எழுந்தது. பர்மாவின் தேக்குக் காடுகளில் தீயை அறவே தடுத்ததால் தேக்கு நாற்றுகள் முளைப்பது குன்றி மூங்கிலும் பிற மரங்களும் முந்துகின்றன என்று ஸ்லேட் என்ற வன அதிகாரி 1896-இலேயே எழுதினார். அடுத்து வந்த ஆண்டுகளில் பர்மாவில் தீத்தடுப்பு பல இடங்களில் கைவிடப்பட்டது. அந்தப் பட்டறிவு நம் சட்டப் புத்தகத்துக்கு வந்து சேரவில்லை.

நமக்கு இன்னும் அருகில் உள்ள சான்று கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலை. அங்குள்ள சோலிகர் பழங்குடியினர் கோடையின் தொடக்கத்தில் சருகை மட்டும் எரிக்கும் சிறு தீயை மூட்டி வந்தனர். 1974-இல் அம்மலை சரணாலயமானது. அதன்பின் அந்த வழக்கம் தடைபட்டது. லண்டானா என்னும் உண்ணிச்செடி காடெங்கும் மண்டியதற்கு இந்தத் தடையும் ஒரு காரணம் என்பது சோலிகரின் விளக்கம். ஆய்வாளர்களும் அதைப் பதிவுசெய்துள்ளனர். ஆனால் இதற்கு எதிரான கருதுகோளும் வலுவானது. அடிக்கடி எரியும் காட்டில் மரத்தின் மேற்கவிகை திறந்து, உண்ணிச்செடிக்கு வெயில் கிடைக்கிறது. அது மண்டி அடுத்த தீக்கு விறகாகிறது என்று ஆய்வாளர்கள் ஹிரேமத்தும் சுந்தரமும் 2005-இல் வாதிட்டனர். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உண்ணிச்செடி வருமுன் இருந்த காட்டுக்குப் பொருந்திய சருகுத்தீயை, ஆள் உயரத்துக்கு அது மண்டிவிட்ட காட்டில் அப்படியே மூட்ட முடியாது. அங்கே முதலில் வேரோடு களைய வேண்டும்; எரிப்பது பிறகு. பழைய வழக்கத்தை அப்படியே மீட்டெடுத்தால் போதும் என்னும் இனிய கற்பனைக்கும் இங்கே இடமில்லை.

நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்துவிட்டாலும் போதாது. முதுமலைப் பகுதியின் 1990 முதல் 2010 வரையிலான தீப்பதிவுகளை ஆராய்ந்த நந்திதா மண்டலும் ரா. சுகுமாரும் கண்டது கவனிக்கத்தக்கது. மழை மிகுந்த பகுதியில் அவ்வாண்டின் தீயளவைப் பெரிதும் தீர்மானிப்பது கோடைத் தொடக்கத்து மழை, அதாவது சருகின் ஈரம். மிக வறண்ட பகுதியிலோ முந்தைய பருவமழையின் செல்வாக்கே பெரிது. நல்ல மழை பெய்தால் புல் செழிக்கும். செழித்த புல் காய்ந்து எரியும். அடிவார முட்காடும் மேல்மலைக் காடும் உள்ள கல்வராயனுக்கு இது பொருந்துமானால், மழை ஏமாற்றிய ஆண்டை விட மழை கொழித்த ஆண்டின் மறுகோடையில்தான் அடிவாரம் அதிக எச்சரிக்கை கேட்கும். எரிக்கும் வேளையை ஆண்டுதோறும், இடத்துக்கு இடம் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். சென்னையிலிருந்து வரும் சுற்றறிக்கையால் அது ஆகாது.

மலையில் நெருப்பு மூட்டப்படுவது ஏன்? புனம் எரித்துத் தினையும் சாமையும் விதைத்த பழைய முறை சுருங்கிவிட்டது. இன்று எரிவது பெரும்பாலும் பட்டா நிலத்தின் கழிவு: சேகோ ஆலைக்குக் கிழங்கு போனபின் எஞ்சும் மரவள்ளிக் குச்சி, வரப்புப் புதர், களை. இவற்றோடு மாட்டுக்குப் புதுப்புல் வேண்டி வைக்கும் தீ, காட்டு விளைபொருள் பொறுக்கத் தரையைச் சுத்தம் செய்யும் தீ, அணைக்காமல் வீசிய பீடி. இங்கே தொழிலின் நாட்காட்டி குறுக்கிடுகிறது. பாதுகாப்பாக எரிக்க ஏற்ற தை, மாசியில் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றின் உழைக்கும் கைகள் காப்பி, மிளகு அறுவடைக்குக் கேரளத்துக்கும் குடகுக்கும் போய்விடுகின்றன. அவர்கள் திரும்பிக் கோடை உழவுக்கு நிலத்தைத் திருத்தும்போது பங்குனி, சித்திரை ஆகிவிடுகிறது. இதோடு சட்ட அச்சமும் சேர்கிறது. தண்டனைக்கு அஞ்சி எரிப்பவர் பக்கத்து நிலக்காரரைக் கூப்பிடமாட்டார், வனக்காப்பாளருக்குச் சொல்லமாட்டார், தனியாகப் பற்றவைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். காவலுக்கு ஆளில்லாத நெருப்பே காட்டுக்குள் ஏறுகிறது.

நெருப்பு என்றாலே குற்றம் என்னும் சாய்வைச் செயற்கைக்கோள் கண்காணிப்பும் கூட்டுகிறது. இந்திய வன அளவை நிறுவனத்தின் எச்சரிக்கைகளுக்கு ஆதாரமான கருவிகளில் முக்கியமான ஒன்று 375 மீட்டர் துல்லியம் கொண்டது. பிற்பகல் ஒன்றரை மணியளவிலும் பின்னிரவு ஒன்றரை மணியளவிலும் மலைக்கு மேலே கடக்கிறது. காலை ஏழுக்கு மூட்டி ஒன்பதுக்குள் அணைத்த சிறு தீயை அது பெரும்பாலும் காணாது. நடுப்பகலில் எரியும் தீயைத்தான் காணும். பதிவேட்டில் ஏறுவது தவறிப்போன நெருப்பு மட்டும் என்பதால், அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு நெருப்பு என்றாலே கேடு என்று நிறுவுவது எளிதாகிவிடுகிறது.

நான் முன்வைக்கும் மாற்று மிகச் சிறியது. ஓடையோரப் பசுங்காட்டிலும் சந்தன மரங்கள் தளிர்க்கும் இடங்களிலும் தீயே கூடாது. சந்தனம் நெருப்பைத் தாங்காது. காப்புக்காட்டுக்குள் எரிப்பு, துறையின் திட்டப்படி, தீக்கோடுகளின் ஓரத்தில் மட்டும். பட்டா நிலத்திலும் காட்டோரத்திலும் கிராமசபை அறிவித்த நாட்களில், ஊர்த்தலைவரான கவுண்டரும் தீக்காவலரும் நிற்க, கூட்டாக எரிக்கலாம். இதற்குச் சட்ட அடிப்படை புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டு வனஉரிமைச் சட்டம் சமூகக் காட்டு வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. அதன் 5-ஆம் பிரிவு கிராமசபைக்குக் காட்டைக் காக்கும் அதிகாரம் அளிக்கிறது. ஜாகீர்தாரர் பிடியிலிருந்து 1976-இல்தான் விடுபட்ட மலையில், இந்த அதிகாரத்தை எழுத்தில் மட்டும் வைத்திருப்பது பழைய நிலையின் நீட்சியாகவே படும்.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. அறிவித்து, ஆள் நிறுத்தி, முறைப்படி மூட்டிய நெருப்பும் ஒரு நாள் கைமீறலாம். அன்று வழக்கு யார் மேல்? நிலக்காரர் மேல் என்றால் மறுஆண்டு யாரும் அறிவிக்கமாட்டார்கள். திருட்டுத்தனமான பங்குனித் தீ திரும்பிவரும். கிராமசபை மேல் என்றால் எந்தத் தலைவரும் நாள் குறிக்கமாட்டார். நிபந்தனைகளை மீறாத எரிப்பில் குற்றப்பொறுப்பை விலக்கி, இழப்பீட்டை அரசு நிதியிலிருந்து ஏற்கும் ஒரு விதி இல்லாமல் கூட்டு எரிப்பு வெள்ளிமலைக் கூட்ட அரங்கைத் தாண்டாது. அந்த விதியின் வாசகத்தை வனத்துறையும் வருவாய்த்துறையும் அடுத்த மார்கழிக்குள் உட்கார்ந்து எழுத வேண்டும்.