போயாவும் ஞாயிறும்



2025 செப்டம்பர் 7 போயா ஞாயிற்றுக்கிழமை வந்தது. "ஒரு லீவு போச்சே சேர்!" என்று பிள்ளைகளுக்குக் கவலை. இது எத்தனை தடவை நடக்கும் என்று கணக்குப் போட்டோம்.

ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்ததற்குச் சராசரி 29.53 நாட்கள். வருடத்துக்கு 12.37 பௌர்ணமி. ஏழு கிழமைக்கும் பிரித்தால் 1.77. அதாவது நான்கு வருடத்தில் சுமார் ஏழு போயா ஞாயிறில் விழும். சனியையும் சேர்த்தால் இரண்டு வருடத்திலேயே ஏழு.

இந்தக் கவலையே இல்லாத காலமும் நம் நாட்டில் இருந்தது. 1966 ஜனவரியில் டட்லி சேனநாயக்க அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அட்டமி என நான்கு போயாக்களையும் வாராந்த விடுமுறையாக்கியது. முந்தின நாள் அரைநாள் வேலை. ஆனால் 29.53ஐ நான்கால் வகுத்தால் 7.38. அதனால் ஒரு வாரம் ஏழு நாள், இன்னொரு வாரம் எட்டு நாள். ஞாயிறு பூசைக்குப் போகும் கிறிஸ்தவர்களுக்கு அன்று வேலைநாள். வெளிநாட்டு வியாபாரத்துக்கும் கிழமை ஒத்துவரவில்லை. 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. பௌர்ணமி மட்டும் விடுமுறையாக நிலைத்தது.

அந்த வருடங்களிலும் ஜும்ஆ ஏழு நாளுக்கு ஒருமுறைதான். பிறை பார்த்து மாதம், கிழமை எண்ணி ஜும்ஆ. கோயிலிலும் வெள்ளிக்கிழமை ஒரு கணக்கு, பௌர்ணமி பூசை வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக்க முடியாது என்பது நம் வீடுகளுக்குத் தெரிந்ததுதான்.

அன்று இருபது வயதில் கொழுந்து பறித்தவர்களுக்கு இன்று எண்பது. எட்டு நாள் வாரம் எப்படி இருந்தது என்று அவர்களிடம் கேட்டு, இப்போதே எழுதி வையுங்கள்.