சோடியத்துக்குள் வளைந்த குழாய்: கல்பாக்கம், 1987

போன மாசி மாசம் சாலவாக்கத்தில் மாமா வீட்டு போர்வெல்லில் பைப் அறுந்து மோட்டார் உள்ளே விழுந்துவிட்டது. கேமராவைக் கயிற்றில் கட்டி இறக்கி, சின்ன டிவியில் பார்த்துக்கொண்டே கொக்கி போட்டு எடுத்தார்கள். மூன்று நாள் ஆச்சு. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவு வந்தது, எங்க ஊருக்கு நேர் கிழக்கே கடலோரத்தில், கல்பாக்கத்தில் நடந்த ஒரு மீட்பு வேலை. அதற்கு இரண்டு வருஷம் ஆனது.

அணு உலை ரிப்பேர், ரோபோ என்றதும் நாம் சினிமா ரோபோவைத்தான் நினைக்கிறோம். நிஜத்தில் அது பெரும்பாலும் நீளமான ஒரு கம்பி, அதன் நுனியில் ஒரு கருவி, மறுநுனியில் கவசச் சுவருக்கு இந்தப்பக்கம் ஒரு ஆள். கிட்டே போக முடியாத இடத்தில் கை நீட்டி வேலை செய்வது, அவ்வளவுதான்.

கல்பாக்கத்தின் சோதனை வேக ஈனுலை (எஃப்.பி.டி.ஆர்) 1985 அக்டோபர் 18 அன்று இயங்கத் தொடங்கியது. பிரான்ஸின் ராப்ஸோடி உலையை ஒட்டிய வடிவமைப்பு. இதைக் குளிரவைப்பது தண்ணீர் இல்லை, உருகிய சோடியம். சோடியம் காற்றில் தீப்பிடிக்கும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். அதனால் மேலே ஆர்கான் வாயுவை நிரப்பி மூடி வைத்திருப்பார்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. சோடியம் உலோகம், ஒளி ஊடுருவாது. தண்ணீர்க்குளம் மாதிரி எட்டிப் பார்த்து "அதோ இருக்கு" என்று சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய பொருள் வெளியே தெரிய வேண்டுமானால் சோடியத்தின் மட்டத்தை இறக்கி, பெரிஸ்கோப்பை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

1987 மே. குறைந்த திறனில் ஒரு பரிசோதனைக்காக எரிபொருள் கட்டு ஒன்றை உலைக்குள்ளேயே இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய ஆள் உயரம் இருக்கும் அறுகோணக் கட்டு அது. அதைத் தூக்கி, உலையின் மேலிருக்கும் சுழலும் மூடியைத் திருப்பி, புது இடத்தில் இறக்க வேண்டும். கட்டு முழுசாக மேலே வராமல் மூடி சுழலக் கூடாது. அப்படிச் சுழலாமல் தடுக்க ஒரு பாதுகாப்புத் தர்க்கமும் வைத்திருந்தார்கள். அன்றைக்கு அது பைபாஸ் செய்யப்பட்டிருந்தது. கட்டின் அடிக்கால் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும்போதே மூடி சுழன்றது. கால் வளைந்தது. போன வழியில் இருந்த பிரதிபலிப்பான் கட்டுகளின் தலைகளும் வளைந்தன. கடைசியில், கட்டுகளை ஏற்றி இறக்கும் வழிகாட்டிக் குழாயும் கோணிக்கொண்டது. கெட்டியான குழாய், ஒரு அடிக்கு மேல் வளைந்துவிட்டது.

(இதில் எனக்கு உறுத்துவது சோடியம் இல்லை, அந்த பைபாஸ். மோட்டார் அடிக்கடி நின்றுபோகுதுன்னு ஸ்டார்டரில் ரிலேயைத் தூக்கிவிட்டு நேரா வயர் கொடுப்போமே, அதே கைப்பழக்கம்.)

வளைந்த குழாய் வந்த வழியே மேலே வராது. உடைத்துப் போடவும் முடியாது. ஒரே வழி, உலைக்குள்ளேயே அறுப்பது. அதற்கென்றே தூரத்திலிருந்து இயக்கும் வெட்டுக் கருவி ஒன்றை உருவாக்கினார்கள். கடையில் வாங்கும் சாமான் இல்லை அது. அந்த ஒரு குழாய்க்காகச் செய்தது. அறுக்கும்போது வரும் துருவல் உள்ளே விழுந்தால் சோடியம் ஓடும் குறுகிய வழிகளில் போய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் அது வேறு தலைவலி. குழாயை இரண்டு துண்டாக அறுத்து வெளியே எடுத்தார்கள். 1989 மே மாதம் உலை மறுபடி இயங்கியது.

அதே காலத்தில் பக்கத்திலிருக்கும் சென்னை அணுமின் நிலையத்திலும் வேறொரு சிக்கல். 1988-89இல் இரண்டு உலைகளிலும் கனநீர் உள்ளே வரும் பகுதி உடைந்தது. உலையைத் திறந்து மாற்றும் இடம் இல்லை. கனநீர் போகும் பாதையை மாற்றி அமைத்து, 170 மெகாவாட்டில் ஓட்டினார்கள். குழாய்களை மொத்தமாக மாற்றிய 2002-2005 காலத்தில்தான் புது வழி வைத்து 220 மெகாவாட்டுக்கு வந்தது.

அந்தக் குழாய்களைச் சோதிக்க பாபா அணு ஆராய்ச்சி மையம் பார்சிஸ் என்ற கருவியைச் செய்திருந்தது. குழாய்க்குள் தலையை நுழைத்து, அல்ட்ராசோனிக் அலையால் விரிசல் தேடும். ஆள் கிட்டே போகாமல் இருக்கத்தான் அது. 1999 மார்ச் 26 அன்று இரண்டாவது உலையில் அந்தச் சோதனை நடந்தபோது அடைப்பான் ஒன்று நழுவி, டிரிட்டியம் கலந்த கனநீர் கொட்டியது. கசிவை நிறுத்தவும், சிந்தியதைத் துடைத்து எடுக்கவும் மனிதர்கள்தான் உள்ளே போனார்கள்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "துடைச்சவங்க யாரு, நம்ம பக்கத்து ஆளுங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். கருவியின் பெயர் கிடைத்த அளவுக்கு எனக்கு ஆட்களின் பெயர் கிடைக்கவில்லை. ராவத்பாட்டா முதல் உலையின் கதை இன்னும் நீளம். அதைத் தனியாக எழுதுகிறேன்.