கோர்ட்டு ஏறிய ரயில் நிலையம்

தோட்டத்துல துரை வச்சதுதான் சட்டம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சொந்தக் கட்டடம் என்றால் இஷ்டம்போல் செய்யலாமா?

நியூயார்க்கில் 1913இல் திறந்த கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலைமேல் 50 மாடிக்கும் அதிகமான கோபுரம் எழுப்ப, அதன் உரிமையாளரான பென் சென்ட்ரல் கம்பெனி 1968இல் திட்டமிட்டது. அதே ஊரில் பென்சில்வேனியா நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கியபோது தடுக்கச் சட்டமில்லை. அந்த வயிற்றெரிச்சலில் பிறந்தது 1965ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம். அதைக் காட்டி நகரம் அனுமதி மறுத்தது.

கம்பெனி வழக்குப் போட்டது. 1975இல் கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தும்விட்டது! அப்பீலில் தீர்ப்பு மாறியது. 1978 ஜூன் 26இல் உச்சநீதிமன்றத்தில் 6 நீதிபதிகள் நகரத்தின் பக்கம் நின்றனர். நிலையமாகவே வருமானம் பார்க்கலாம், மேலே கட்டும் உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆகவே சொத்தைப் பறித்ததாகாது என்றார்கள்.

மற்ற 3 பேர் கேட்டது: ஊருக்காகக் காப்பதென்றால், நட்டத்தை ஒருத்தர் மட்டும் ஏன் சுமக்கணும்? அதுவும் எனக்கு ஞாயமாகத்தான் படுகிறது.