கணக்குக் கோல் பிரெஞ்சு வகுப்புக்கு வந்த கதை

ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டிய மரக்கோல்கள். எல்லாவற்றிலும் சிறியது வெள்ளை, நீளம் 1 சென்டிமீட்டர். எல்லாவற்றிலும் பெரியது ஆரஞ்சு, 10 சென்டிமீட்டர். நடுவில் சிவப்பு, இளம்பச்சை, ஊதா, மஞ்சள், கரும்பச்சை, கறுப்பு, பழுப்பு, நீலம் என்று படிப்படியாக ஏறும். இவை பிறந்த ஊர் பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் பகுதியில் இருக்கிற துவேன். செய்தவர் அவ்வூர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஜோர்ஜ் க்விஸ்னேர்.

க்விஸ்னேருக்கு இசையிலும் ஈடுபாடு உண்டு. பாட்டு வகுப்பில் துள்ளுகிற பிள்ளைகள் கணக்கு வகுப்பில் சுருண்டுபோவது அவரை உறுத்தியது. சுரங்களுக்குள் இருக்கும் உறவு காதுக்குத் தெரிகிறது. எண்களுக்குள் இருக்கும் உறவு கண்ணுக்கும் விரலுக்கும் தெரிய வேண்டாமா? அதனால் நிறங்களை உறவுமுறை பார்த்துக் கொடுத்தார். 2, 4, 8 சிவப்பு வழி. 3, 6, 9 பச்சையும் நீலமுமான வழி. 5, 10 மஞ்சள் வழி. யாரோடும் ஒட்டாத 7 கறுப்பாகத் தனியே நின்றது. இந்த முறையைப் பற்றிய அவருடைய நூல் 1952இல் வெளிவந்தது.

அடுத்த ஆண்டே துவேனுக்கு ஒருவர் வந்து பார்த்தார். கேலப் கத்தேன்யோ, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் 1911இல் பிறந்த கணித அறிஞர், அப்போது லண்டனில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தவர். பிள்ளைகள் கோல்களை அடுக்கிப் பின்னங்களைத் தாமே கண்டுபிடிப்பதைப் பார்த்தவர், அவற்றை உலகுக்குக் கொண்டுபோவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். ஒரு சிற்றூரின் வகுப்பறைப் பொருள் சில ஆண்டுகளில் பல நாடுகளின் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதோடு நின்றிருந்தால் இது கணக்கின் வரலாறாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் கத்தேன்யோ அதே கோல்களை மொழி வகுப்பிலும் மேசைமேல் கொட்டினார். பள்ளிகளில் அயல்மொழி கற்பிப்பது பற்றிய அவருடைய நூல் 1963இல் வந்தது. மௌன வழி என்று அந்த முறைக்குப் பெயர். மௌனம் ஆசிரியருக்குத்தான்; பேசவேண்டியது பிள்ளைகள்.

முதல் நாள் பிரெஞ்சுப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் ஒரு கோலைத் தூக்கிக் காட்டி, "யுன் ரெக்லெத்" என்கிறார். ஒரே ஒருமுறை. பிறகு வாய் திறப்பதில்லை. இன்னொரு கோலைத் தூக்கிப் பிள்ளைகளைப் பார்க்கிறார். யாராவது ஒரு குழந்தை தடுமாறிச் சொல்லும். அடுத்து நிறம் சேர்கிறது: "யுன் ரெக்லெத் ரூஜ்", "யுன் ரெக்லெத் நுவார்". சிவப்புக்கோல், கறுப்புக்கோல். அடுத்து வினைச்சொல்: எடு, கொடு. "சிவப்புக்கோலை எடு, அவளிடம் கொடு" என்று ஒரு பிள்ளை சொல்ல, இன்னொரு பிள்ளை எடுத்துக் கொடுக்கிறது. சொன்னது சரியா என்பதைக் கையில் வந்த கோலே காட்டிவிடும். வாக்கியத்தில் ஒரு சொல் விடுபட்டால் ஆசிரியர் தன் விரல்களை நீட்டுகிறார். ஒவ்வொரு விரலும் ஒரு சொல். விடுபட்ட சொல்லுக்குரிய விரலைத் தொட்டுக் காட்டிவிட்டுக் காத்திருக்கிறார். சொல்லைக் கண்டுபிடிப்பது வகுப்பின் பொறுப்பு.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது சொற்கள் எவ்வளவு குறைவு என்பதுதான். ஒரு பெயர்ச்சொல், சில நிறங்கள், இரண்டு வினைகள், ஒன்று, இரண்டு என்னும் எண்கள். அவ்வளவைக் கொண்டே ஒருமை, பன்மை, எனக்கு, அவனுக்கு, அதன்மேல், இதன் பக்கத்தில் என்று மொழியின் எலும்புக்கூடு எழுந்துவிடுகிறது. பல தொடக்கப்பள்ளிகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். நிறங்கள் ஒரு மாதம், விலங்குகள் ஒரு மாதம், பழங்கள் ஒரு மாதம் என்று படஅட்டை காட்டிப் பெயர்ச்சொற்களை அடுக்குகிறார்கள். ஆண்டு முடிவில் குழந்தைக்கு ஐம்பது பெயர் தெரியும், ஒரு வாக்கியம் வராது. இதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன். எட்டு வயதுக் குழந்தை பேச ஆசைப்பட்டு வருகிறது. அதன் கையில் ஒரு பட்டியலைத் திணித்து அனுப்புகிறோம்.

அதே காலத்தில் இங்கிலாந்து அரசு வேறொரு பெரிய முயற்சியில் இறங்கியிருந்தது. 1963இல் அறிவித்து 1964இல் 13 வட்டாரங்களில் எட்டு வயதிலிருந்தே பிரெஞ்சு தொடங்கினார்கள். நஃபீல்ட் அறக்கட்டளையின் பணத்தில் 'ஆன் அவான்' என்ற பாடத்தொகுதி உருவானது: டேப் ரெக்கார்டர், துணிப்பலகையில் ஒட்டும் படங்கள், ஆசிரியர் கையேடு. 1974இல் கிளேர் பர்ஸ்டல் வெளியிட்ட மதிப்பீடு, சீக்கிரம் தொடங்கியதால் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க லாபம் இல்லை என்றது. கேட்டுப் புரிந்துகொள்வதில் மட்டும் அந்தப் பிள்ளைகள் சற்று முன்னே நின்றார்கள். அந்த அறிக்கையைப் பலரும் குழந்தைகளுக்கு எதிரான தீர்ப்பாகப் படித்தார்கள். ஆனால் ஆசிரியரின் மனப்பாங்கு பிள்ளைகளை எவ்வளவு பாதிக்கிறது என்பதையும், மேல்நிலைப் பள்ளியில் புதிதாகத் தொடங்கியவர்களோடு கலந்து உட்காரவைத்ததால் வந்த சங்கடத்தையும் அதே ஆய்வுதான் பதிவு செய்தது. பழி வயதின்மேல் விழுந்தது, கவனம் விழவேண்டிய இடம் வகுப்பறை.

கோலுக்கும் எல்லை உண்டு. கோல் பாடாது, கதை சொல்லாது. சிறு பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும். ஆசிரியர் பேசாமல் நிற்பது கூச்சமுள்ள குழந்தையை மிரட்டிவிடும், அதனால் மௌனத்தோடு சிரித்த முகமும் வேண்டும். ஐரோப்பிய வம்சாவளிப் பையன்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவனுக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. அவனிடம் நிறத்தைக் கேட்டு நோகடிக்காமல், நீளமானது எது, குட்டையானது எது என்று கேட்டால் பாடம் தடையில்லாமல் ஓடும்.

க்விஸ்னேர் 1975இலும் கத்தேன்யோ 1988இலும் மறைந்தார்கள். மரக்கோல்களோடு பிளாஸ்டிக் கோல்களும் சேர்ந்துகொண்டன. இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 7 முதல் 11 வயதுவரை ஓர் அயல்மொழி கட்டாயம்; அதிகமான பள்ளிகள் பிரெஞ்சையே எடுத்துக்கொள்கின்றன. பிரெஞ்சே சரியாகத் தெரியாத வகுப்பாசிரியர்கள் பலர் வாரத்துக்கு ஒரு சிறு பொழுதில் அதை நடத்தவேண்டியிருக்கிறது. அவர்களுக்கு இந்தக் கோல் உதவும், ஏனென்றால் முதல் பருவத்துக்கு வேண்டிய சொற்களை ஒரு மாலையில் பழகிக்கொள்ளலாம். புதிதாக எதையும் வாங்கவும் வேண்டாம். பல பள்ளிகளில் கணக்கு அலமாரியில் ஒரு டப்பா ஏற்கெனவே இருக்கிறது. பிரெஞ்சு வகுப்புக்குப் போகிற ஆசிரியர்களே, படஅட்டைகளைக் கொஞ்சநாள் ஒதுக்கிவைத்துவிட்டு அந்த டப்பாவை எடுத்துப்போங்கள். ஒருமுறை சொல்லுங்கள், பிறகு பிள்ளைகளைப் பேசவிடுங்கள்.